வஞ்சி ஏன் பேசவில்லை

ஜெயசுதா சினிமாவில் நடித்தவள் என்றால் மலைமேல் அரியூர் நாட்டில் யாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கமாட்டார்கள். எல்லோரும் பார்த்திருந்தார்கள். ‘மொளகுக்காரன்’ முதல் பாகத்தில் கதாநாயகன் மாரப்பனுக்குத் தங்கச்சி வஞ்சியாக வந்தவள் அவள்தான். மிளகு பறிக்கிற காட்சியைப் படம் பிடிக்க வந்தவர்களை ஏணி மேலிருந்தபடியே, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கொடி அறுந்துரும்!” என்று அவள் அதட்டப்போய், ‘இந்தக் குரல்தான் வேண்டும்’ என்று இயக்குநர் பிடித்துக்கொண்டார். படத்தில் வில்லனின் ஜீப் சாவியைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசுவாள். அந்த இடத்தில் தியேட்டரே எழுந்து விசில் அடித்தது.

இரண்டாம் பாகத்துக்கும் மலையேறி வந்தார்கள். இந்தமுறை வஞ்சிக்கு நிறைய வேலை. பட்டணத்தில் பெரிய ஆளாகிவிட்ட மாரப்பன், குடும்பத்து மிளகுக் காட்டை விடுதி கட்டுகிறவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறான். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வஞ்சி சண்டை போடுகிறாள். அதற்குப் பிறகு அண்ணனோடு பேச்சை நிறுத்திவிடுகிறாள். சோறு போடுவாள், பேசமாட்டாள். அந்த மௌனம் தாங்காமல்தான் கடைசியில் மாரப்பன் பத்திரத்தைக் கிழித்தெறிகிறான். படப்பிடிப்பு நடந்த நாளெல்லாம் ஜெயசுதாவின் கணவன் செங்கோடன் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். குடை பிடித்தே வசனம் முழுக்க அவனுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

படம் வெளியானதும் ஊரே ஒரு வேன் பிடித்து நாமக்கல்லுக்கு இறங்கியது. செங்கோடனின் அக்கா பாப்பாயி, ஜெயசுதாவுக்கு நங்கையா, ஒரு பை நிறைய முறுக்கு சுட்டு எடுத்து வந்திருந்தாள். ஜெயசுதா புதுச்சேலை கட்டி நடுவில் உட்கார்ந்தாள்.

சண்டை வந்தது. வெளிநாட்டில் ஒரு பாட்டு வந்தது. மறுபடியும் சண்டை. வஞ்சி ஒரே ஒருமுறை, விறகுக் கட்டோடு, அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனாள்.

“அது நீதான கண்ணு?” என்று பாப்பாயி காதில் கேட்டாள்.

“நாந்தாங்க நங்கையா. இனிமேத்தான் வருவேன், பாருங்க.”

வரவில்லை. கடைசியில் மாரப்பன் திடீரென்று பத்திரத்தைக் கிழித்தான். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. உடனே வஞ்சி எங்கிருந்தோ ஓடிவந்து, “இப்பவாச்சும் உனக்குப் புரிஞ்சுதே அண்ணா!” என்று கட்டிக்கொண்டு அழுதாள்.

“யாருடா இந்தம்மா? என்னடா புரிஞ்சுது?” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். தியேட்டர் குலுங்கிச் சிரித்தது. ஜெயசுதா முந்தானையை இழுத்து முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது வேனில் யாரும் சினிமாப் பேச்சை எடுக்கவில்லை. மலை ஏறுவதற்கு முன்னால் காரவள்ளியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். கடையில் அடிவாரத்து ஆட்கள் சிலர் அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கம்பி கட்டும் வேலை செய்யும் அசோக் என்பவன் பொரிந்துகொண்டிருந்தான்.

“மொதப் பாகத்துல அந்தத் தங்கச்சி எப்படி இருந்துச்சு! இதுல ஒப்புக்கு வந்து அழுவுது. அண்ணங்காரன் கிறுக்கனாட்டம் பத்தரத்தைக் கிழிக்கறான். காசு குடுத்துப் பாத்தவன் தலையெழுத்து!”

வேனுக்குள் இருந்த ஜெயசுதாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. இறங்கி நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

“அவன் கிறுக்கன் இல்லீங்க. நடுவுல ஒரு சண்டை இருக்குது. அதை வெட்டிப்போட்டாங்க.”

அசோக் அவளை மேலும் கீழும் பார்த்தான். “அட, வஞ்சி! என்ன சண்டைங்க?”

சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியத்துக்குமேல் ஓடவில்லை. சண்டையை எப்படிச் சொல்வது? போட்டுத்தான் காட்டவேண்டும்.

“ஏனுங்க, இங்க வந்து நில்லுங்க. நீங்கதான் மாரப்பன்.”

“நானா? டீ ஆறிப்போயிரும் புள்ள,” என்றான் செங்கோடன்.

“வாங்கன்னா!”

வந்தான். தொண்டையைச் செருமினான். “காடு எம்பேருல இருக்குது வஞ்சி. நான் வித்தா உனக்கென்ன?”

“பேரு உன்றதுதான் அண்ணா. நீ போன பொறவு அங்க வெயில்ல நின்னது யாரு? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே ரேகை வெச்சுக் குடுத்திருப்பேன். நீ கேக்கலியே! கேக்காதவங்கிட்ட எனக்கென்ன பேச்சு?”

ஜெயசுதா பெஞ்சிலிருந்த டீயை எடுத்து, சோற்றுத் தட்டை வைப்பதுபோல அவன் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செங்கோடன் கெஞ்சினான். அவள் திரும்பவில்லை. இன்னும் கெஞ்சினான். அவனுக்கு வசனம் தீர்ந்துவிட்டது, அவளோ அசையவில்லை.

“ஏம்புள்ள, போதும் பேசு. நெசமாவே பயமா இருக்குது!”

கடை வெடித்துச் சிரித்தது. அசோக் மட்டும் தொடையில் தட்டி, “இதுக்குத்தான் கிழிச்சானா! இது இருந்திருந்தா நானும் அழுதிருப்பனே!” என்றான். அவன் கூட்டாளி ஒருவன் எல்லாவற்றையும் செல்போனில் பிடித்திருந்தான். மலை ஏறி முடிப்பதற்குள் அது ஊர் ஊராகப் போய்விட்டது.

அந்த வாரமே உதவி இயக்குநர் கலைச்செல்வியிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, உங்க டீக்கடை வீடியோவை டைரக்டர் பாத்தாரு. முதல்ல சிரிச்சாரு, அப்புறம் தலையில கை வச்சுக்கிட்டாரு. நீளம் ஜாஸ்தின்னு கடைசி நேரத்துல வெட்டினோம். எங்களுக்குக் கதை மனப்பாடம் இல்லையா? வெட்டின பிறகும் அந்தச் சண்டை எங்க தலைக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. பாக்கறவங்க தலையில அது இல்லைன்னு தோணவே இல்லை.”

“சேத்துருவீங்களா சாமி?”

“அடுத்த வாரத்துல இருந்து சேக்கறோம். நீங்க நடிச்சு நாங்க வெட்டினது எல்லாத்தையும் அனுப்பறேன், எது வேணும்னு பாத்துட்டுச் சொல்லுங்க.”

கணவனும் மனைவியும் போனில் தலை முட்டப் பார்த்தார்கள். ஊர் நோம்பித் திருவிழாவில் வஞ்சி ஆடுகிற ஆட்டம்தான் ஜெயசுதாவுக்கு ரொம்பப் பெருமை. பார்த்தால், எல்லோரும் இடப்பக்கம் சாயும்போது அவள் வலப்பக்கம் சாய்கிறாள். நடுநடுவே கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இதை வெட்டின புண்ணியவானுக்கு ஒரு பலாப்பழம் குடுத்து உடலாம்!”

ஆனால் சண்டைக்கு முன்னால் ஒரு துண்டு இருந்தது. அண்ணனும் தங்கையும் வரப்பில் உட்கார்ந்து வேகவைத்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கைப் பிய்த்துத் தின்கிறார்கள். பெரிய துண்டுக்கு அடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கதையென்று எதுவும் நடக்கவில்லை. ஜெயசுதா அதைத் திரும்பவும் போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கலைச்செல்வியைக் கூப்பிட்டாள்.

“ஆட்டம் வேண்டாங்க கண்ணு. கெழங்கு திங்கறது வேணும். அப்படிச் சிரிச்சவங்கன்னு தெரிஞ்சாத்தான பேசாம இருக்கறது வலிக்கும்?”

“டைரக்டரும் அதையேதான் சொன்னாருக்கா. வெளிநாட்டுப் பாட்டைத் தூக்கிட்டு இதை வைக்கிறோம்.”

மறுபடியும் வேன் இறங்கியது. இந்தமுறை கிழங்குக்குச் சிரித்த தியேட்டர், சண்டையில் மூச்சுக் காட்டவில்லை. மாரப்பன் பத்திரத்தைக் கிழித்தபோது மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டு ஜெயசுதா திரும்பினாள். செங்கோடன்.

விளக்குப் போட்டதும் முன்வரிசை அம்மாள் ஒருத்தி திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, நீங்கதான வஞ்சி? அவ்வளவு கெஞ்சினானே, கொஞ்சம் முன்னாடியே பேசியிருக்கக் கூடாதுங்களா?”

“அதெப்படிங்க?” என்றாள் ஜெயசுதா, நிஜமாகவே கோபம் வந்தவளாக. “அவன் கேக்கலியே!”