கிரேக்கம் கேட்ட தலைகள்

வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டத்துக்கு மொழியியலை எடுத்தது நான். அதில் கிரேக்கத்தைக் கொண்டுவந்து வைத்தது பல்கலைக்கழகம். கிரேக்கர் ஒருவரின் பேச்சைப் பதிவு செய்து, ஒலிகளைப் பிரித்து எழுதி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஃபெயில். மாத்தளையில் கிரேக்கருக்கு நான் எங்கே போவேன்?

கடைசி நாளன்று பழம் நழுவிப் பாலில் விழுந்தது. என் கணவர் ஹுஸ்னி வேலை செய்யும் ஸ்பைஸ் கார்டனிலிருந்து ஃபோனில் கோல் எடுத்தார்.

"ஜஸ்லா, கிரேக்கப் பொம்பளை ஒருத்தங்க வந்திருக்காங்க. வேன் போறதுக்குள்ள ஓடி வா!"

ஓடினேன். அவள் பெயர் எலேனி. உங்கள் ஊரைப் பற்றிக் கிரேக்கத்தில் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஃபோனில் பதியத் தொடங்கினேன். சந்தோஷமாக ஆரம்பித்தாள். நல்லது, மேலே சொல்லுங்கள் என்று நான் தலையை இருபக்கமும் ஆட்டினேன். நிறுத்திவிட்டாள். அதே வரியை மெதுவாகத் திரும்பச் சொன்னாள். நான் இன்னும் உற்சாகமாக ஆட்டினேன். ஹுஸ்னியும் பூம்பூம் மாடு மாதிரிச் சேர்ந்து ஆட்டினார். மனிதர் அதற்கென்றே பிறந்தவர். எலேனியின் குரல் தேய்ந்தது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே வேன் டிரைவர் ஹார்ன் அடித்தார். பதிவில் ஒன்றும் தேறவில்லை.

"தேத்தண்ணி சரியில்லையோ?" என்றார் ஹுஸ்னி.

எலேனி என்னைப் பார்த்தாள். "நான் பேசுவது பிழையா? ஒவ்வொரு வரிக்கும் இல்லை, இல்லை என்கிறீர்களே."

ஓர் அடையாளத்துக்குப் பொருள் தருவது அதைப் பாவிக்கும் சனங்களின் உடன்பாடு. முதல் பாடமே அதுதான். பாடமாக்கிய எனக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியது.

"ஐயோ, இது எங்க ஊரு ஆமா!" என்று தமிழிலேயே கத்திவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

எலேனி கண்ணீர் வரச் சிரித்தாள். தான் பிறந்த சின்னக் கிரேக்கத் தீவிலிருந்து ஏதென்ஸுக்குப் படிக்கப் போனபோது அவளுடைய பேச்சைக் கேட்டு எல்லாரும் கேலி செய்தார்களாம். அன்றிலிருந்து அதை மறைத்துத்தான் பேசுகிறாளாம். இங்கேயும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாளாம். எங்கள் தமிழைக் கேட்டுச் சிரித்தவர்களை எனக்கும் தெரியும்.

"எனக்கு அந்தத் தீவுப் பேச்சுதான் வேண்டும்" என்றேன். ஹுஸ்னியிடம், "உங்க தலைய ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க!" என்றேன். பாவம், பிடித்துக்கொண்டு நின்றார்.

எலேனி பேசத் தொடங்கினாள். அம்மாவின் ஏச்சு, மீன்காரனின் கூவல், எல்லாம் கொட்டியது. கோபத்தோடு இறங்கி வந்த டிரைவர் ஒரு சொல்லும் புரியாமல், ரசித்து ரசித்துத் தலையை ஆட்டினார்.

எலேனி நிறுத்தவே இல்லை.