இரண்டாம் தட்டுக்கு ஊட்டிய கை

1.

மார்ச் ஒன்பது. காலையிலிருந்து தூறல்; கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை.

இக்கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது என்பதை எழுதுபவள் முதலிலேயே ஒப்புக்கொள்கிறாள். அழைத்தவள் அவளுடைய தங்கை. ஆய்வுக்கூடத்தில் நரம்பணுக்களை வளர்ப்பவள்.

முதல் தொடக்கம்: ‘நரம்பணு என்பது உயிரினங்களின்…’ (கைவிடப்பட்டது. பாடநூல் இதைவிட நன்றாகச் சொல்கிறது.)

2.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் கோவை. நரம்பணு நீட்டும் கிளைக்குள் ஒருவகைப் புரதம் தண்டவாளம்போல் அடுக்கப்படுகிறது. கோவையில் ஒரேயொரு அமிலம் மாறினாலும் தண்டவாளம் தள்ளாடலாம். கிளை மெல்ல வளரும். (நாற்பத்தாறு வயதில் கற்றது. சுருக்கச் சொல்லாதீர்கள்.) எழுதுபவளின் மகளுக்கு அந்த மாற்றம் உண்டு. நான்கு வயதாகியும் குட்டிம்மா தனியாக நடக்கவில்லை.

3.

அதே மாற்றமுள்ள அணுக்கள் தங்கையின் பொறுப்பில் இரண்டு தட்டுகளில் வளர்ந்தன. ஒன்றின் ஊட்டநீரில் புதிய மருந்து, மற்றதில் அதற்குப் பதில் வெறும் உப்புநீர். எதில் எது என்பது வளர்ப்பவளுக்குத் தெரியக்கூடாது. நேற்று அளந்தபோது இரண்டிலும் கிளைகள் ஒரே நீளம். ஆகவே மருந்து பயனற்றது என்று ஆய்வுக்கூடத் தலைவர் முடிவெழுதவிருந்தார்.

(தங்கையை இங்கே அழவைக்கலாமா? வேண்டாம். அவள் வாயாடி.)

"அக்கா, திட்டாம கேளு. ரெண்டாவது தட்டு சவலைப்பிள்ளை மாதிரி பின்தங்கியே இருந்துச்சு. மனசு கேக்கல. அதுக்கு மட்டும் ஊட்டநீரை ரெண்டு தரம் மாத்தினேன்."

"ரெண்டே தரமா?"

"தினமும்."

அந்தக் கூடுதல் உணவே பின்தங்கியதை முன்னதோடு சேர்த்துவிட்டது. முன்னதில் மருந்து இருந்திருந்தால் அதன் பலன் மறைந்துபோயிருக்கும். எழுதுபவளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே கரைந்தது.

"உன் கையில யாருடி ஒல்லியா இருந்திருக்காங்க?"

"சொன்னா என் வேலை போயிடும். சொல்லலைன்னா குட்டிம்மாவோட மருந்து போயிடும். தலைவர் ரூம் வாசல்லதான் நிக்கிறேன். போனை வச்சிடாதக்கா."

4.

முடிவு ஒன்று: புதிய தட்டுகளில் மருந்து வென்றது, குட்டிம்மா நடந்தாள்.

முடிவு இரண்டு: மருந்து இட்ட தட்டும் மற்றதைப்போலவே… (இவ்வாக்கியத்தை ஒரு தாயால் முடிக்க இயலாது.)

நடந்தது இவ்வளவே. தங்கை உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதிதாகத் தொடங்குவோம், ஊட்டுவது வேறொருவர், நீ அளந்தால் போதும் என்றார். அந்தக் கிளைகள் எவ்வளவு நீளும் என்பதை வாசகரே எழுதிக்கொள்ளலாம். இரு தட்டுகளுக்கும் சமமாக ஊட்டும் மனம் இருந்தால்.

பழைய தட்டுகளைத் தங்கையே கொட்டினாள். இரண்டாவதைச் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கொட்டியபோது மாலை மணி நான்கு இருபது.