இடம் தெரியாத உள்ளான்கள்

மேசையில் பரப்பிய பதினொரு படங்களையும் கரையோரப் பாதுகாப்புக் கந்தோர் அதிகாரி ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கஜேந்திரனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பவளக்காலிப் பறவையின் சிவந்த காலில் ஒட்டியிருந்த சேற்றுப் பொட்டுக்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"நல்ல படங்கள்," என்றார் அதிகாரி, சிங்களவாடை அடிக்கும் தமிழில். "ஆனா இது எங்க?"

"ஹெந்தளை சேர். வாய்க்கால் கடல்ல விழுற இடம்."

"அது நீங்க சொல்றது. படம் சொல்றது இல்லையே."

கஜேந்திரன் குனிந்து பார்த்தான். படத்தில் பறவை இருந்தது. அதற்குப் பின்னால் பால்தேத்தண்ணி நிறத்தில் ஒரு மங்கல். வேறொன்றும் இல்லை.

"மன்னாரா இருக்கலாம். புத்தளமா இருக்கலாம். திகதி பாருங்க, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜனவரி ஒண்டு. பதினொரு படத்துக்கும் ஒரே திகதி."

"கமராக்குள்ள இருக்கிற சின்ன பெட்டரி செத்துப்போச்சு சேர். திகதி நிக்காது."

அதிகாரி சிரிக்கவில்லை. கெட்ட மனிதரும் இல்லை. "திங்கக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள, இடமும் பறவையும் ஒரே படத்தில விழுந்த மாதிரிக் கொண்டு வாங்க. அதுக்குப் பிறகு ஃபைல் மேல போயிரும்."

அந்த வாய்க்கால் வாயிலுள்ள சேற்றுத்திட்டை மண் போட்டு நிரப்பி ஒரு கம்பனி கிடங்கு கட்டப்போகிறது. திட்டின் ஓரத்தில்தான் மீனவன் றெஜியின் வள்ளமும் இன்னும் பதின்மூன்று வள்ளங்களும் கட்டிக் கிடந்தன. ஆட்சேபம் எழுதிய வள்ளக்காரர்களிடம், தூர தேசத்துப் பறவைகள் அங்கே இரை தின்பதைக் காட்டினால் வேலையை நிறுத்தி வேறு விசாரணை வைக்கவேண்டும் என்று யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லியிருந்தார். உடனே றெஜிக்குத் தன் கூட்டாளி கஜேந்திரனின் ஞாபகம் வந்தது. ஆறு வருடமாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்தச் சேற்றில் நெஞ்சுபடப் படுத்துக் கிடக்கிறவன் அல்லவா?

கஜேந்திரன் ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்டில் வெல்டிங் வேலை செய்தான். வார நாட்களில் ஓட்டை விழுந்த இரும்புப் பெட்டிகளுக்குத் தகடு வைத்து ஒட்டினான். ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை முடுக்கு வீட்டிலிருந்து கிளம்பி, வத்தளைக்குப் போய், அங்கிருந்து ஹெந்தளைக்கு இன்னொரு பஸ் பிடித்தான். கமரா எவ்வளவுக்குப் பதிந்து இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். அதற்காகத்தான் படுத்தான். றெஜியின் வள்ளம் நகரட்டும் என்று ஒரு மணித்தியாலம் காத்திருந்த நாளும் உண்டு. கொடியில் காயும் உடுப்பு, தகரக் கூரை, பிளாஸ்டிக் குவியல் எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டான். மிச்சம் விழுந்ததை வெட்டி எறிந்தான். பறவைப்படக் குழுவில் அவன் படம் போட்டால் 'கிளீன் பெக்ரவுண்ட்' என்று பத்துப்பேராவது எழுதுவார்கள். கண்ணுக்குள் வெல்டிங் பொறி பறக்க வேலை செய்பவனுக்கு அந்த இரண்டு சொல் பெரிய சொல்.

கந்தோருக்குக் கூடவே வந்திருந்த றெஜி, படிக்கட்டில் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"ஆறு வருசம் என்ர வாசல்ல கிடந்து புரண்டாய். என்ர மனிசி ஜீவராணி ஊத்தின தேத்தண்ணிய எல்லாம் குடிச்சாய். ஒரு படத்தில எண்டாலும் என்ர கூரை விழேல்லையே மச்சான்?"

"அது... படத்துக்கு வடிவில்லை எண்டு..."

"ஓமோம். நாங்க வடிவில்லாத ஆக்கள்தானே." சொல்லிவிட்டுச் சிரித்தான். இரண்டு அறை கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கஜேந்திரனுக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிய அவன் போனபோது திட்டின் பாதி சிவப்பாகக் கிடந்தது. சனிக்கிழமை கந்தோர் பூட்டியிருக்கும் என்று பார்த்து டிப்பர்கள் வந்து செம்மண் கொட்டியிருந்தன. றெஜியின் மனைவி ஜீவராணி இடுப்பில் கைவைத்து ஒரு டிரைவரோடு சிங்களத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தான்.

எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் வற்ற, மிஞ்சிய சேற்றில் உள்ளான்கள் வந்து இறங்கின. இருபத்துமூன்று. பனி பெய்யும் தேசத்திலிருந்து அப்போதுதான் வந்தவை. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அக்கம்பக்கம் பாராமல் கொத்தத் தொடங்கின.

கஜேந்திரனின் லென்ஸில் பறவை விழுந்தால் வீடு விழவில்லை. போனில் எடுத்தால் வீடு விழுந்தது, பறவை மிளகு அளவுக்குச் சின்னதாகப் போனது.

"படு நீ," என்றான் றெஜி. "மீனை வளைக்கிற மாதிரி நான் வள்ளத்தில சுத்திவந்து மெள்ள மெள்ள உன்ர பக்கம் தள்ளிவிடுறன். கிட்ட வரேக்க போனால அடி."

வள்ளம் வந்த சத்தமே கேட்கவில்லை. றெஜி கோலை ஊன்றி ஊன்றி வந்தான். உள்ளான்கள் பறக்கவில்லை. நடந்து, நின்று, கொத்தி, மறுபடி நடந்தன. போன் திரையில் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: பறவைகள், வள்ளம், கோலோடு நிற்கும் றெஜி, பதினாலு வீட்டுக் கூரைகள், அவற்றுக்கு மேலே கோயில் சிலுவை. இன்னும் பத்தடி வந்தால் போதும். கஜேந்திரன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

அப்போது பின்னால் ஒரு டிப்பர் தொட்டியைத் தூக்கி மண்ணைக் கொட்டியது. பின்கதவு இரும்போடு இரும்பாக அறைந்தது.

அவன் போன் பொத்தானை அமத்தினான், அமத்தினான், அமத்திக்கொண்டே இருந்தான். உள்ளான்கள் கீச்சிட்டுக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வாய்க்கால் வாயைத் தாண்டித் தெற்கே போயின. பின்னேரம் நாலு மணிவரை அவன் சேற்றிலேயே கிடந்தான். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி போன் திரையை இரண்டு விரலால் அகட்டி அகட்டிப் பார்த்தார்.

"இது காகம் தானே?"

"இல்ல சேர், உள்ளான்."

பக்கத்து மேசைப் பெண்ணிடம் காட்டினார். அவளும் காகம் என்றாள். கஜேந்திரன் வாங்கிப் பார்த்தான். வானத்தில் கறுப்பாக இழுபட்ட கீறல்கள். காலில்லை, அலகில்லை, நிறமில்லை. எடுத்தவனுக்கே சத்தியம் செய்ய வாய் வரவில்லை.

"இடம் இப்ப நல்லா விளங்குது," என்றார் அதிகாரி. குத்தலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. ஃபைலைக் கட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, மேசை லாச்சியிலிருந்து ஒரு கட்டுப் படிவத்தை எடுத்து றெஜியிடம் நீட்டினார். வள்ளம் கட்ட வேறு இடம் தருவார்களாம், இரண்டு மைலுக்கு அங்கால். ஒவ்வொருத்தரும் தன் வள்ளத்தோடு நிற்கும் படம் ஒன்றை ஒட்டவேண்டும். றெஜி நின்றபடியே கையெழுத்து வைத்தான்.

"இண்டைக்கே வா. வெயில் இறங்க முன்னம் எடுத்து முடிப்பம்," என்றான் வெளியே வந்ததும்.

கஜேந்திரன் யார்டுக்குப் போன் பண்ணி அரை நாள் லீவு சொன்னான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, றெஜி போனில் சொன்னபடி மற்றப் பதின்மூன்று வள்ளக்காரரும் முகம் கழுவி, தலை வாரி இழுத்து, பெருநாளுக்குப் போடும் சேர்ட்டோடு வள்ளங்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். மண் வள்ளங்களின் முன்பக்க அணியம்வரை வந்துவிட்டது. வள்ளம் முழுக்க விழவேண்டும் என்பதால் கஜேந்திரன் பின்னுக்குப் போய்ப் போய் அந்தச் செம்மண்மேலேயே ஏறி நிற்கவேண்டியிருந்தது.

"நேரா நிக்கிறனா?" என்றான் றெஜி.

"ஓம். அசையாத."

எடுத்துக் காட்டினான். றெஜி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"சரி. அடுத்த ஆள் வாங்கோ," என்று அவனே கூப்பிட்டான்.