வெட்டி ஒட்டின வண்டி

"இன்னும் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க... போதும், போதும்! பின்னாடி சுவரு!"

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் தெருமுனையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு நிறத்தில், மூக்கு ஒரு தெருவிலும் வால் இன்னொரு தெருவிலுமாக அந்த நீளக் கார் மாட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்து முன்னே வருவார், பின்னே போவார், கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பார். வீட்டு ஹாலில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, "வந்த வழியே போகச் சொல்லு" என்றிருப்பார்.

இன்றைக்கு அவரால் அதைச் சொல்ல முடியாது. மகளுக்கு அந்தத் துணிச்சல்தான்.

வண்டியை வரச் சொன்னதே அவள்தான். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணவனிடம் மட்டும் காலையில் சொன்னாள். அவன் பெட்டி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மெதுவா பேசு, மாமா காதுல விழப்போகுது" என்றான். அப்புறம்தான் அவனுக்குத் தான் சொன்னது உறைத்தது.

அப்பா வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் அலுவலகத்தில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரேக் பிடிக்காத லாரியைக்கூட மன்னித்துவிடுவார், சரிபண்ணிக்கொண்டு வா என்று அனுப்புவார். நீளக் காரைக் கண்டால் மட்டும் ஆகவே ஆகாது. "நல்லா இருந்த காரை நடுவுல வெட்டி, தகரத்தை வெச்சு ஒட்டியிருக்கான். பிரேக்கு பழைய எடைக்குப் போட்டது. கதவு ரெண்டு கோடியில. நடுவுல உட்கார்ந்தவன் ஆபத்துன்னா எந்த வழியா வெளிய வருவான்?" என்று ஆரம்பித்தாரானால் எதிரில் சாப்பிடுகிறவர்களுக்குக் கை காய்ந்துவிடும். "ஒழுங்கா செய்யறவனும் இருக்கான், இல்லேங்கல. பெல்ட்டு எங்கன்னு கேளு. நல்லவனா இருந்தா உடனே எடுத்துக் காட்டுவான்" என்று நியாயமாகவும் முடிப்பார். அப்படி எடுத்துக் காட்டியவர்கள் யாரும் அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

அவளுடைய கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பெருமையாக ஒரு நீளக் காரை அனுப்பிவைத்தார்கள். பூவெல்லாம் கட்டி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மணப்பெண் ஆசை ஆசையாக வெளியே வருவதற்குள் அப்பா புதுக் கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். அவர் வெளியே வந்த சற்று நேரத்தில் வண்டி, கட்டிய பூவோடு திரும்பிப் போனது. அவள் சித்தப்பாவின் சின்னக் காரில், மடியில் ஒரு கூடையும் காலடியில் ஸ்டெப்னியுமாகப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அப்பா நெற்றியில் கிரீஸோடு சிரித்துக்கொண்டிருப்பார். அதற்காக அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. சண்டைக்குப் போனால், "முழுசாப் போய்ச் சேர்ந்தியா இல்லியா?" என்று கேட்பார். முழுசாகத்தான் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு ஆத்திரமே அதுதான். அந்த மனிதரிடம் பேசி ஒரு தடவைகூட ஜெயிக்க முடிந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார், அப்படியே போய்விட்டார். ஒரு சக்கரமும் சம்பந்தப்படாத சாவு. செய்தி கேட்டதிலிருந்து மகளுக்கு அழுகையே வரவில்லை. துக்கம் என்று நினைத்தால் கோபமாக இருந்தது, கோபம் என்று நினைத்தால் பயமாக இருந்தது. அப்போதுதான் வாடகைக் கார் கம்பெனிக்கு போன் போட்டாள். அப்பா எதிர்த்துப் பேச முடியாத ஒரே நாள் இதுதான். இன்றைக்காவது ஜெயித்துவிட வேண்டும்.

ஒருவழியாகக் கார் வாசலுக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைத் தூக்கி அமரர் ஊர்தியில் ஏற்றினார்கள். குடும்பத்தார் காருக்குப் பக்கத்தில் வந்து வரிசையாக நின்றார்கள். அம்மா காரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"இதுலயா?"

"இதுலதாம்மா. எல்லாரும் ஒண்ணா போகலாம்."

அம்மா புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து முன்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். துக்கத்தில் இருக்கிறவளுக்கு அது தன் கை செய்கிற வேலை என்றே தெரியவில்லை. அப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள், டயரைத் தொடாமல் எந்த வண்டியிலும் ஏறிப் பழக்கமில்லை. அதைப் பார்த்ததும் அத்தைக்கும் கை சும்மா இருக்கவில்லை. அப்பாவின் தங்கையாயிற்றே, கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடினாள். சித்தப்பா எங்கே என்று மகள் தேடினாள். காருக்கு அடியிலிருந்து இரண்டு ஷூ மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா! எழுந்து வாங்க! எல்லாரும் பாக்கறாங்க!"

"இரும்மா, வெல்டிங் மட்டும் பாத்துட்டு வந்துடறேன்" என்று ரோட்டிலிருந்து பதில் வந்தது.

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, சாவு வீடுன்னு சொல்லித்தானே கூப்பிட்டாங்க?" என்று மகளின் கணவனிடம் கேட்டார். அவன் அசடு வழிந்தான். முன்னால் நின்ற அமரர் ஊர்தியிலிருந்து ஹாரன் அடித்தது. தகன நிலையத்தில் கொடுத்த நேரம் போய்க்கொண்டிருந்தது.

"ஏறுங்க எல்லாரும்! யாரும் ஒண்ணும் பாக்க வேணாம்!" என்று மகள் ஒரு அதட்டல் போட்டாள்.

ஏறினார்கள். ஏறுவது என்றால், ஒரு கோடியில் நுழைந்து குனிந்தபடியே உள்ளே நடந்துபோவது. பக்கவாட்டில் வழவழவென்று நீளமாக ஒரு பெஞ்சு. அதன் முன்கோடியில், டிரைவருக்கும் இவர்களுக்கும் நடுவில், கண்ணாடிக் கோப்பைகள் அடுக்கிய ஒரு சின்ன அலமாரி. அம்மா அந்த அலமாரியை ஒட்டி உட்கார்ந்தாள், அவளை அடுத்து அத்தை, அப்புறம் சித்தப்பா. மகளும் கணவனும் கடைசி சீட்டில். டிரைவர் சாவியைத் திருப்பியதும் கூரை முழுக்க நீலமும் ஊதாவுமாக நட்சத்திரங்கள் மின்ன ஆரம்பித்தன. எங்கிருந்தோ தடதடவென்று ஒரு குத்துப்பாட்டு கிளம்பியது.

"மன்னிச்சுக்கங்கம்மா, நேத்து பர்த்டே பார்ட்டிக்குப் போன வண்டி. பாட்டை நிறுத்திடறேன். லைட்டுதான் நிக்காது."

பாட்டு நின்றது. நட்சத்திரங்கள் அம்மாவின் முகத்தில் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. அம்மாவின் கை மட்டும் தன் இடுப்புக்கு இரண்டு பக்கமும் எதையோ துழாவிக்கொண்டிருந்தது. மகள் அதைப் பார்க்காத மாதிரி இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"பின்னாடி பெல்ட்டு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"உள்ள எங்கயாச்சும் இருக்கும்மா. இதுல யாரும் போடறதில்ல. நான் மெதுவாத்தான் போவேன், பயப்படாதீங்க."

சித்தப்பா கூரையைப் பார்த்தார். அத்தை தன் கைப்பையைப் பார்த்தாள். அவர்கள் அத்தனை பேர் காதிலும் ஒரே குரல்தான் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது மகளுக்குத் தெரியும். அவள் காதிலும் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"போகலாம்" என்றாள் அம்மா. "நீ ஆசைப்பட்டுக் கூப்பிட்டிருக்க. ஒரு நாள்தானே."

வண்டி கிளம்பியது. டிரைவர் சொன்னபடி மெதுவாகத்தான் போனார், அதில் குறை சொல்ல முடியாது. அடுத்த தெரு திரும்பும் இடத்தில் சந்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

கார் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் நிற்கவில்லை. சித்தப்பா வழவழப்பான பெஞ்சில் சறுக்கிக்கொண்டு போய் அத்தையின் மேல் மோதினார், அத்தை "ஐயோ அண்ணா!" என்று அலறிக்கொண்டு அம்மாவின் மேல் போய் விழுந்தாள், அம்மா தலையோடு போய் அலமாரியில் இடித்துக்கொண்டாள். மகளின் கணவன் எங்கேயோ கீழே கிடந்தான். கோப்பைகள் கலகலவென்று உருண்டன. அத்தனைக்கும் மேலே நட்சத்திரங்கள் குஷியாக மின்னிக்கொண்டிருந்தன.

"அம்மா!"

"ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல." அம்மாவின் நெற்றி அதற்குள் புடைக்க ஆரம்பித்திருந்தது. அவள் அதை உள்ளங்கையால் மூடி மறைத்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு ஒண்ணும் ஆகல. நீ போகச் சொல்லு."

அந்தச் சிரிப்பை மகளால் தாங்க முடியவில்லை. தன் கோபத்துக்காக அம்மா மண்டையை உடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்!

"நிறுத்துங்க" என்றாள்.

"நின்னுதாம்மா இருக்கு" என்றார் டிரைவர்.

"அப்ப எல்லாரும் இறங்குங்க. வண்டி உங்களோடது. ஆளுங்க எங்க ஆளுங்க. பெல்ட்டு இல்லாம இவங்கள்ல ஒருத்தரைக்கூட நான் அனுப்ப மாட்டேன்."

சொன்ன தோரணையில் அத்தை திடுக்கிட்டு, தூரத்தில் நின்றுவிட்ட அமரர் ஊர்தியை எட்டிப் பார்த்தாள். கீழே கிடந்த கணவன், "சரிங்க மாமா" என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டான்.

எல்லோரையும் குனியவைத்து, ஒவ்வொருவராக அந்தக் கோடிக் கதவு வழியாக வெளியே அனுப்ப நேரம் பிடித்தது. கடைசியாகத் திரும்பியவள் பெஞ்சைப் பார்த்தாள். சறுக்கிய வேகத்தில் மெத்தை கழன்று கோணலாகக் கிடந்தது. அதற்கு அடியில் பெல்ட்டுகள் இருந்தன. ஒன்றல்ல, வரிசையாக, ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று யாரோ அதன் மேல் மெத்தையைப் போட்டு மூடியிருந்தார்கள்.

அவள் அங்கேயே முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒரு பெல்ட்டைக் கையில் எடுத்தாள். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. சத்தமாக, சின்னப் பிள்ளை அழுவதைப்போல வந்தது. 'அப்பா, நீங்களே ஜெயிச்சீங்க, போங்க' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு பதில் வந்திருக்கலாம். ஜெயித்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்தது இதுதான் முதல் தடவை. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

வெளியே டிரைவர் பதறிப்போய், "அடி பலமா பட்டுடுச்சாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் காரில் அத்தையும் சித்தப்பாவும் ஏறினார்கள், டயரைத் தொட்டுப் பார்த்த பிறகுதான். நீளக் காரின் முன்சீட்டில் மட்டும் பெல்ட் ஒழுங்காக இருந்ததால் கணவன் அதில் உட்கார்ந்துகொண்டான். பின்னால் யாருமே இல்லாமல், நட்சத்திரங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டி கடைசியாக வந்தது. அமரர் ஊர்திக்குள் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள் இருந்தன. அம்மா ஒன்றில் உட்கார்ந்து, சிரமமே இல்லாமல் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மகளும் மாட்டிக்கொண்டாள். அம்மாவின் நெற்றியில் ஈரக் கைக்குட்டையை வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"ம்... இப்ப இல்ல."

ஊர்தி பெரிய ரோட்டில் ஏறியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே சிக்னல் சட்டென்று சிவப்பாக மாறியதும் டிரைவர் பிரேக் போட்டார். அவ்வளவு பலமாக ஒன்றும் இல்லை. ஆனால் மகளின் கை தானாகப் பாய்ந்து பெட்டிக்குக் குறுக்கே போய் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டது.

அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அவருக்கு நல்லா கட்டியிருக்காங்கடி. ஒண்ணும் ஆகாது."

"தெரியும்மா" என்றாள் மகள்.

சிக்னல் பச்சையாகி ஊர்தி புறப்பட்டது. அவள் கையை எடுக்கவில்லை.