விதி ஏழு

நீச்சல் சங்கத்தில் முகத்துக்கு நேரே அவரை 'சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் அரைநொடியார். விசிலுக்கு அரை நொடி முந்திக் குதித்துவிட்டான் என்று சொந்த அண்ணன் மகனையே பந்தயத்தை விட்டு வெளியே அனுப்பிய மனிதர் அவர். அந்த அண்ணன் அன்றிலிருந்து அவரோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "நேரம் மிச்சம்" என்பார்.

பிழைப்புக்கு, கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை. விடுமுறை நாட்களில் சங்கத்தின் கண்காணிப்பாளர். யாராவது ஆற்றிலோ ஏரியிலோ நெடுந்தூரம் நீந்தினால், பக்கத்தில் படகில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து, நேரம் குறித்து, 'செல்லும்' அல்லது 'செல்லாது' என்று அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவது இவர் வேலை. முப்பது வருடமாகப் பார்க்கிறார். இந்த முப்பது வருடத்தில் ஒருவருக்கும் ஒரு சின்னக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. சாருக்கு நீச்சல் தெரியுமா?

தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கச் சொன்னால்கூட வேறு வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவார். ஆனால் கண்காணிப்பாளருக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. அவரே இரண்டு முறை அட்டை முதல் அட்டை வரை தேடிப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறார்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி. அன்று விடிகாலையில் அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கதவுநிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"மலை இடுக்குக்குள்ள முப்பத்தெட்டு கிலோமீட்டரு. நீங்க தண்ணியில விழுந்தா விசில் யாரு ஊதுறது?"

"விழுறதுக்கு நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளைங்கதான் இப்ப எல்லாம் நீச்சல் கத்துக்குதுங்களே."

காலங்காத்தாலே வாயைக் கொடுப்பானேன் என்று அவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நீந்தப்போவது வேன்காரம்மா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வயது நாற்பத்தெட்டு. பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒன்று வாந்தி எடுக்க, ஒன்று செருப்பை ஜன்னல் வழியே வீச, முகம் சுளிக்காமல் வண்டி ஓட்டுகிற பெண்மணிக்கு, செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே சீறிக்கொண்டு ஓடுகிற அந்த ஆறு பெரிய விஷயமாகத் தெரியவில்லை போலிருக்கிறது. இதுவரை அந்த இடுக்கை முழுசாக நீந்தியவர் யாருமில்லை. இனிமேலும் இருக்கப்போவதில்லை. அடுத்த வருடம் மேலே அணை கட்டித் தண்ணீரைக் குழாய்க்குள் திருப்பிவிடுகிறார்கள். ஆகவே நீந்தினால் இன்று, இல்லாவிட்டால் என்றைக்குமே இல்லை.

இது அவருக்கு மூன்றாவது முயற்சி. முதல் முறை குளிரில் கால் மரத்துப்போய் விட்டுவிட்டார். இரண்டாவது முறை, போன வருடம், முழுத் தூரமும் நீந்திவிட்டார். முடிவுக்கு அடையாளமாகக் கரையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒன்று இருக்கிறது. அதைத் தொட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. பத்து அடி இருக்கும்போது, கரையில் நின்றிருந்த அவர் வீட்டுக்காரர், பெண்டாட்டி தள்ளாடுவதைப் பார்த்துத் தாங்க மாட்டாமல் தண்ணீருக்குள் ஓடி, துண்டைப் போர்த்திக் கையைப் பிடித்துவிட்டார். அந்த மனுஷர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். எத்தனை பொடிச் சக்கரமானாலும் கை நடுங்காத ஆள். அன்றைக்கு மட்டும் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அரைநொடியார் "தொடாதே" என்று கத்தினார். தொட்டாகிவிட்டது. விதி ஏழு: நீந்துபவரை எந்த மனிதரும் தொடக்கூடாது, காரணம் எதுவாயினும். அந்தக் கடைசி இரண்டு சொற்களும் அரைநொடியாரே கமிட்டியில் இரண்டு மணி நேரம் வாதாடிச் சேர்த்தவை. அட்டையில் 'செல்லாது' என்று எழுதினார். 'காரணம்' என்ற கட்டத்தில் வழக்கம்போல 'விதி ஏழு' என்று போட்டுக் கையெழுத்திட்டார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த வருடம் படகு ஓட்டியவன் அவருடைய மைத்துனன். நல்ல துடுப்புக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"மாமா, லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்குங்க."

"இறுக்கினா கையைத் தூக்கி வாட்ச் பார்க்க முடியல மாப்ளே. நீ முன்னாடி பார்த்து ஓட்டு."

வேன்காரம்மா அலட்டிக்கொள்ளாமல் நீந்தினார். அரை மணிக்கு ஒருதரம் நீளக் கம்பின் நுனியில் கட்டிய குவளையில் வெந்நீரும் சர்க்கரையும் கலந்து நீட்டுவார்கள். குவளையைத் தொடலாம், கம்பைத் தொடக்கூடாது. ஒவ்வொரு முறையும் அரைநொடியார் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அம்மா குடித்து முடித்து, குவளையைப் பிடித்த இரண்டு விரலையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். அது நக்கலா மரியாதையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

இருபத்தேழாவது கிலோமீட்டரில் 'உரல்' இருக்கிறது. இரண்டு பாறைக்கு நடுவே தண்ணீர் சுழன்று சுழன்று குத்துகிற இடம். அதற்குச் சற்று முன்னால் ஆறு ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி அமைதியாகக் கிடக்கும். அங்கேதான் குவளையை நீட்டினார்கள். வேன்காரம்மாவின் சுண்டுவிரல் கம்பில் பட்டதோ என்று அரைநொடியாருக்கு ஒரு சந்தேகம். நன்றாகப் பார்க்க வேண்டுமே. எழுந்து நின்றார்.

"மாமா, உட்காருங்க. உரல் வருது."

"பொறு மாப்ளே, அந்த விரல்..."

படகின் மூக்கு நீரோட்டத்தில் மாட்டி வெடுக்கென்று திரும்பியது. அரைநொடியார் தலைகுப்புற உள்ளே போனார். இறுக்காத லைஃப் ஜாக்கெட் கழுத்தைத் தாண்டி உருவிக்கொண்டு தனியாக மிதந்து போயிற்று. படகும் மைத்துனனோடு கீழே போய்விட்டது. அந்த வேகத்தில் திருப்பிக்கொண்டு வர எந்தக் கொம்பனாலும் முடியாது.

தண்ணீர் வாயிலும் மூக்கிலும் புகுந்தது. செத்தோம் என்று நினைத்தார். வேறு எதுவும் நினைக்கவில்லை. முப்பது வருடக் கறாரும் அந்த இடத்தில் ஒரு முழம் கயிற்றுக்கு ஆகவில்லை.

பின்கழுத்துச் சட்டையை ஒரு கை கொத்தாகப் பிடித்தது. இடதுகரை ஓரமாகப் பத்திரமாகப் போயிருக்க வேண்டிய வேன்காரம்மா நேராக உரலுக்குள் வந்திருந்தார்.

"கண்ணு, என்னைப் பிடிக்காதே. கையை விடு. விடுன்னா விடணும். ஆ... அப்படித்தான். வானத்தைப் பாரு. மூச்சு விடு, நல்ல புள்ளை."

பல வருடமாக அவரை யாரும் 'நீ' என்று சொன்னதில்லை. நல்ல பிள்ளையாக வானத்தைப் பார்த்தார். அந்த அம்மா அவரை இழுத்துக்கொண்டுபோய் ஒரு பாறைமேல் தள்ளினார். தான் ஏறவில்லை. பாறையில் ஒரு விரலைக்கூட வைக்காமல், நின்ற இடத்திலேயே காலால் நீரை உதைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். இருமிக்கொண்டே அரைநொடியார் அதைக் கவனித்தார். உயிர் பிழைத்த முதல் நிமிடத்திலும் அவர் பார்த்தது அதைத்தான். என்ன ஜென்மமோ.

மைத்துனன் பாறைக்குக் கீழ்ப்புறம் தண்ணீர் தணிந்த இடத்தில் படகை நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டான். கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் பைக்குள் அட்டை நனையாமல் பத்திரமாக இருந்தது. அது ஆற்றோடு போயிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது அவருக்கு. அப்படித் தோன்றியதே பெரிய அதிர்ச்சி.

"மாமா, நாம மூணு பேருதான் இங்க. நான் எதையும் பார்க்கல. அந்தம்மாவும் சொல்லாது. எழுதாதீங்க."

"விதின்னு ஒண்ணு இருக்கு மாப்ளே."

"அந்த விதிதான் உங்களைப் பிடிச்சு இழுத்துச்சா?"

அரைநொடியார் பென்சிலை எடுத்து அட்டையைப் பார்த்தார். எழுதாமல் விட்டால் அந்த அம்மாவுக்கு நியாயம் கிடைக்கும். நீச்சல் தெரியாத ரகசியமும் வெளியே வராது. இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து நின்றதுதான் அவரை உறுத்தியது. தராசில் தன் விரலும் இருப்பது அவருக்குத் தெரிந்தது.

அடுத்த அரை மணியில் குவளையை நீட்டியபோது வேன்காரம்மா கேட்டார். "எழுதிட்டீங்களா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"எழுதிருங்க."

"என்னம்மா இது. நீங்க..."

"போன வருஷம் எங்க வீட்டுக்காரர் தொட்டதுக்கு எழுதினீங்கல்ல? அந்த மனுஷன் ஒரு வருஷமா என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடல. என்னால போச்சு, என்னால போச்சுன்னு புலம்பிக்கிட்டு இருக்காரு. இப்ப நீங்க எழுதலைன்னா, அவரு பட்டதுக்கு என்ன சார் அர்த்தம்?"

அரைநொடியாரின் தாடை குளிரில் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்போ ஏறிக்கோங்கம்மா," என்றான் மைத்துனன். "செல்லாதுன்னு ஆயிடுச்சு, எதுக்கு நீந்தணும்?"

"பாதி வழியில இறக்கிவிட்டு எனக்குப் பழக்கமில்ல தம்பி," என்று சொல்லிவிட்டு, குவளையைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு விரலை விரித்துக் காட்டினார்.

கடைசிப் பதினொரு கிலோமீட்டரையும் அரைநொடியார் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே கடந்தார். ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

கரையில் நல்ல கூட்டம். சங்கத் தலைவர் மைக்கோடு தயாராக நின்றார். கூட்டத்தை விட்டு ஒதுங்கி, இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் முழங்கை வரை திணித்துக்கொண்டு, கடிகாரக்காரர் தனியாக நின்றார். துண்டு தோளில் கிடந்தது. வேன்காரம்மா தள்ளாடி எழுந்தார், விழுந்தார், மறுபடி எழுந்தார். கடிகாரக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கை வெளியே வரவில்லை. மஞ்சள் கல்லில் உள்ளங்கை பட்டது. அரைநொடியார் விசிலை ஊதினார்.

கைதட்டல் காதைப் பிளந்தது. தலைவர் மைக்கில், "வரலாற்றிலேயே முதன்முறையாக" என்று ஆரம்பித்துவிட்டார். கடிகாரக்காரர் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகராமல் படகைப் பார்த்தார்.

"சார், இப்ப தொடலாமா?"

ஒரு வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த கேள்வி என்று குரலிலேயே தெரிந்தது. அரைநொடியார் ஈரச் சட்டையோடு படகை விட்டு இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றார்.

"தொடுங்க," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "உங்களுக்கு முன்னாடியே நான் தொட்டுட்டேன்."

மைக் பாதி வாக்கியத்தில் நின்றது. கடிகாரக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கைகளை வெளியே எடுத்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "அதான் சொல்லிட்டாருல்ல, வாங்க. குளிருது," என்றார் வேன்காரம்மா. அப்புறம்தான் அவர் ஓடினார்.

அரைநொடியார் மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையை எடுத்தார். ஏழு மணி நேரம், பதினாறு நிமிடம், நாற்பத்தொன்றரை நொடி. 'செல்லாது' என்று எழுதினார். 'தொட்டவர்' என்ற கட்டத்தில் தன் முழுப்பெயரை, பதவியோடு எழுதினார். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் விதி ஏழு என்று எழுதக் கை தானாகப் போயிற்று. நிறுத்திக்கொண்டார். கட்டம் சின்னது என்பதால் எழுத்தைப் பொடியாக்கி எழுதினார்: கண்காணிப்பாளருக்கு நீச்சல் தெரியாது. நீந்தியவருக்குத் தெரிந்திருந்தது.