தூணில்லாத பால்கனி

நாற்பதைத் தாண்டி, முன்நெற்றியில் நரையும் எட்டிப் பார்க்கிற ஒரு பொறியாளரைத் தியேட்டர் முழுக்க 'பாப்பா' என்று கூப்பிட்டால் அவள் எப்படித்தான் அதிகாரம் பண்ணுவது? ஆனாலும் பண்ணினாள். பெரியப்பா வைத்த பெயர் அது. தியேட்டர் அவருடையது என்பதால் டிக்கெட் கிழிப்பவர் முதல் மேஸ்திரி வரை எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பழைய கட்டடங்களை இடிபடாமல் காப்பாற்றுவது அவள் தொழில். சொந்தக்காரர் கட்டடத்தில் கை வைக்காதே என்று கூட வேலை பார்ப்பவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கேட்டால்தானே?

வளைந்து திரும்பும் முகப்பு, திரைக்கு இருபுறமும் விசிறி விரித்தது போன்ற சுண்ணாம்பு வேலைப்பாடு, கம்பி வைத்த டிக்கெட் ஜன்னல் என்று எல்லாவற்றையும் சுரண்டி, கழுவி, உடைந்ததை ஒட்டி அவள் மீட்டிருந்தாள். பெரியப்பாவுக்கோ பெருமையெல்லாம் பால்கனிதான். அதன் அடியில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர் வரை போகிற ஒற்றை இரும்பு உத்தரம்தான் அத்தனையையும் தாங்கிக்கொண்டிருந்தது.

"தூணுக்குப் பின்னாடி உட்கார்ந்து பாதிப் படம்தான் பார்த்தேன்னு என் தியேட்டர்ல ஒருத்தன் சொல்லிடட்டும், மீசையை எடுத்துடறேன்" என்பார். அவருக்கு மீசை கிடையாது என்பது வேறு விஷயம்.

நகராட்சியின் கட்டட ஆய்வாளருக்கு அந்தப் பெருமைதான் பயமாகப் பட்டது. பாரம் ஏற்றிச் சோதித்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பால்கனியை வெட்டி எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் வெட்டச் சொன்ன மாடிகள் ஏராளம் என்பதால் தியேட்டர் ஆட்கள் அவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்திருந்தார்கள். பால்கனி போனால் மிஞ்சுவது தியேட்டர் இல்லை, திரை மாட்டிய கிடங்கு. 'வெட்ட வேண்டாம், தாங்கும்' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் பாப்பா. அவள் அந்த உத்தரத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தவள். அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை.

சோதனை ஒன்றும் மாயமந்திரம் இல்லை. பால்கனிப் படிகளில் ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும். அடியில், பால்கனியின் முன்விளிம்பைத் தொட்டபடி மூன்று டயல்களைத் தாங்கிகளில் நிறுத்த வேண்டும்: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று. பால்கனி தாழ்ந்தால் டயலின் தண்டை அமுக்கும், முள் நகரும். மிகக் குறைவாகத் தாழ்ந்தால் அன்றைக்கே கையெழுத்து. கொஞ்சம் கூடுதலாகத் தாழ்ந்தால் ஒரு நாள் பாரத்தோடு விட்டு, இறக்கிய பிறகு பழைய இடத்துக்கு எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பாவிட்டால் கத்தரிதான். எதற்கும் இருக்கட்டும் என்று, விளிம்புக்குக் கீழே கை நுழையும் இடைவெளி விட்டு, கனமான முட்டுகளையும் பாப்பா வரிசையாக நிறுத்தியிருந்தாள்.

காலையில் டயல் முட்களைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு மேலே போனவள், கடைசி மூட்டை ஏறுகிற வரை அங்கேயே நின்று கத்திக்கொண்டிருந்தாள். மேஸ்திரியின் ஆட்கள் மூட்டையைப் போடுகிற அழகுக்குக் கத்தாமல் என்ன செய்வது?

எல்லாம் ஏறியபின் கீழே வந்தபோது அவளை வரவேற்றது கைதட்டல். நடு டயலைச் சுற்றி நாற்காலிகள். அவற்றில் பெரியப்பா, டிக்கெட் கிழிப்பவர், புரொஜெக்டர் ஆபரேட்டர், காவல்காரர், அவருடைய மச்சான், மச்சானின் குடும்பம் என்று ஒரு கூட்டமே படம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாப்பா, நடு முள்ளு அசையவே மாட்டேங்குது!" என்று பெரியப்பா துள்ளினார். "இரும்புடா, இரும்பு!"

ஆய்வாளர் மூன்று அளவுகளையும் குறித்துக்கொண்டு பேனாவின் மூடியைக் கழற்றினார். "ஓரத்து ரெண்டும் சரியா இருக்கு. நடுவுல அதைவிடக் கம்மி. எழும்புதான்னு பார்க்கவே தேவையில்ல மேடம். இப்பவே போட்டுத் தர்றேன்."

பாப்பா நடு முள்ளை மறுபடி பார்த்தாள். இரண்டு சுவர்களுக்கு நடுவே கிடக்கிற உத்தரம் நடுவில்தான் அதிகமாகத் தாழும். துணி காயப்போடுகிற கொடியைப் பார்த்தவர்களுக்கே அது தெரியும். நடுவில் குறைவு என்றால் உத்தரம் பொய் சொல்லவில்லை, டயல் பொய் சொல்கிறது. அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். ஓரங்களில் சிமெண்டுத் தரை. நடுவிலோ, பழைய பள்ளத்தை மறைக்க எப்போதோ அடித்த பலகைத் தரை. பலகை என்று பார்க்காமல் டயலை அங்கே நிறுத்தச் சொன்னது சாட்சாத் அவள்தான். தன் மேலேயே அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள்.

பெரியப்பா அவள் காலை மிதித்தார். நாசூக்காக இல்லை, நன்றாகவே மிதித்தார்.

"எல்லாரும் எழுந்து வெளிய போங்க. நாற்காலியையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள் பாப்பா கூட்டத்தைப் பார்த்து.

"எதுக்கு? நாங்க என்ன பண்ணினோம்?" என்றார் ஆபரேட்டர்.

"போங்கன்னா போங்க!"

கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர நகர, பலகை நிமிர்ந்து டயலை மேலே தூக்கியது. அசையவே மாட்டேன் என்றிருந்த முள் நகர்ந்து, ஓரத்து அளவுகளைத் தாண்டி, உடனே கையெழுத்து வாங்கித் தரும் எல்லையையும் தாண்டிப் போய் நின்றது. இவ்வளவு நேரம் பால்கனி தாழத் தாழ, வேடிக்கை பார்த்தவர்களின் பாரத்தில் டயலும் கூடவே தாழ்ந்திருக்கிறது. படம் பார்த்தே பழகிய கூட்டம், நடு இடம் கிடைத்தால் விடுமா?

ஆய்வாளர் பேனாவை மூடினார். "இந்த அளவு எதுவும் செல்லாது. பாரத்தை இறக்கி, பலகையைப் பிரிச்சு, அடியில இருக்கற சிமெண்டு மேல டயலை வெச்சு முதல்லேர்ந்து பண்ணுங்க. எழும்பலேன்னா வெட்டத்தான் வேணும்."

"பண்றோம் சார்" என்றாள் பாப்பா.

அவர் தலை மறைந்ததும் பெரியப்பா வெடித்தார். "பேனாவைத் திறந்துட்டான்! வாயை மூடிட்டு ஒரு நிமிஷம் நின்னிருந்தா முடிஞ்சு போச்சு. நீ என் தம்பி பொண்ணா, இல்ல கத்தரியோட பொண்ணா?"

"பால்கனி தாங்கும் பெரியப்பா. தாங்கறதை எதுக்குத் திருட்டுத்தனமா நிரூபிக்கணும்?"

"தாங்கலேன்னா?"

"நானே நின்னு வெட்டறேன்."

அவர் அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. மூட்டைகள் இறங்கின, பலகை பிரிந்தது, டயல் சிமெண்டில் உட்கார்ந்தது, மறுநாள் மூட்டைகள் மறுபடி ஏறின. மேஸ்திரியின் ஆட்கள் அவளை மனசுக்குள் என்னென்ன திட்டியிருப்பார்கள் என்பதை எழுத முடியாது. இந்த முறை நடு முள்தான் அதிகம் நகர்ந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. உத்தரம் உத்தரமாக நடந்துகொண்டது.

ஒரு நாள் கழித்துப் பாரம் இறங்கியபோது ஆய்வாளரும் அவளும் மட்டுமே டயலருகே நின்றார்கள். மூட்டை குறையக் குறைய முள் திரும்பி வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசி மூட்டை இறங்கியதும், புறப்பட்ட இடத்துக்கு மிக அருகில் வந்து நின்றது. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். பிறகு முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நல்லாக் கட்டியிருக்காங்க" என்றார். கத்தரியின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

பெரியப்பா டிக்கெட் அறையில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பாப்பா தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"மேல போய் உட்காரலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா."

அவர் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. "முந்தாநாள் அவன் கையெழுத்துப் போட்டிருந்தா, ஆயுசு பூரா நான் அங்க ஏறியிருக்க மாட்டேன் பாப்பா. கால் வந்திருக்காது."

"டிக்கெட் மட்டும் வித்திருப்பீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"ஆமா" என்றார். "வித்திருப்பேன்."

பெரியப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவளுக்கு முன்னால் மாடிப்படி ஏறினார்.