அக்கா யார் பக்கம்?

வீட்டுத் தரகு பார்க்கிற அக்காவுக்கு எப்பேர்ப்பட்ட கொம்பனையும் சமாளிக்கத் தெரியும், தங்கச்சியைத் தவிர. அவள் விற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த பேக்கரிக்காரரின் வீட்டைப் பார்க்க வந்து நின்றதே அந்தத் தங்கச்சிதான், ஏழு மாத வயிற்றோடு.

சமையலறையில் வெயில் விழுவதைப் பார்த்ததுமே தங்கச்சிக்கு வீடு பிடித்துப்போயிற்று.

"அக்கா, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? எங்களால அதிகபட்சம்..."

அக்கா பாய்ந்துபோய்க் குழாயைத் திறந்தாள். அது போதாதென்று சுவரில் இருந்த விசிறியையும் தடதடவென்று ஓடவிட்டாள்.

"என்னக்கா பண்றே?"

"வாயத் திறக்காதே! இந்த வீட்டுல நான் பேக்கரிக்காரரோட ஆளு. நீ சொல்றதை நான் அவர்கிட்ட சொல்லியாகணும். முதல்ல இதைப் படி." வீடு பார்க்க வருகிற எல்லாருக்கும் கொடுக்கிற தாளை நீட்டினாள்; அதிலும் அதுதான் அச்சாகியிருந்தது.

"அப்ப நான் யாரு?" தங்கச்சியின் மூக்கு சிவந்தது.

"வாங்க வந்தவ. உனக்குன்னு ஒரு தரகரைப் பிடி. எதிர்த் தெரு மீசைக்காரர் கெட்டிக்காரர்."

தொழிலில் தனக்குப் போட்டியான ஆளையே சிபாரிசு செய்கிற அக்காவை எங்கே பார்த்திருக்கிறோம்? தங்கச்சி விருட்டென்று கிளம்பிவிட்டாள். பத்து நாள் போனே இல்லை.

வாங்குவது தன் தங்கச்சி என்று அக்கா பேக்கரிக்காரரிடம் அன்றே சொல்லிவிட்டாள். அவர் மகளிடம் போய்ச் சேர அவசரப்படுகிறார், கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் இறங்கிவிடுவார் என்பதை மட்டும் தங்கச்சியிடம் மூச்சு விடவில்லை. நெஞ்சில் அது உறுத்திக்கொண்டே கிடந்தது. ஒருநாள் குளியலறையில் அழுதும் தீர்த்தாள்.

தங்கச்சி கடைசியில் மீசைக்காரரைத்தான் பிடித்தாள். அவர் சும்மா விடுவாரா? அக்காவோடு மூன்று நாள் மல்லுக்கட்டி, இரண்டு பக்கமும் சிரிக்கிற மாதிரி வீட்டை முடித்துக்கொடுத்தார். பேக்கரிக்காரர் கூடை நிறைய ரொட்டியோடு வந்து நன்றி சொன்னார். தங்கச்சி வரவில்லை.

மறுநாள் காலை அலுவலகக் கதவு படாரென்று திறந்தது. முதலில் வயிறு வந்தது, பின்னால் தங்கச்சி வந்தாள். பழைய வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"இதை வித்துக் குடு. சொந்தத் தங்கச்சிகிட்டயே வாய் திறக்காத தரகர்தான் எங்களுக்கு வேணும்."

அக்கா ஒப்பந்தத் தாளை எடுத்து நீட்டினாள். தங்கச்சி கையெழுத்துப் போட்டாள்.

"இப்ப நீ யாரோட ஆளு?"

"உன் ஆளுடி!"

"அப்பக் கேளு," என்று தங்கச்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பத்து நாளாக அடக்கிவைத்ததை எல்லாம் கொட்ட ஆரம்பித்தாள். அக்கா எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.